சோலானிக் கரையில் ஒரு கல்விச்சாலை

தலைநகரின் கிழக்கிலும் தெற்கிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, விசயதசமி கழிந்து தீபாவளி வருமுன் உள்ள நாள்கள் ஆண்டுதோறும் ஒரு சிறு சோதனைக் காலம். மேல் கங்கைக் கால்வாய் தூர் வாரப்படுவதால் குடிநீர் வழங்கல் குறையும் என்னும் அறிவிப்பு நாளிதழில் வரும். குடம், வாளி, அண்டா யாவும் நிரம்பும். தண்ணீர் லாரியின் பின்னே வரிசை நீளும். முராத்நகரில் அக்கால்வாயிலிருந்து எடுக்கப்படும் கங்கை நீரே பாகீரதி, சோனியா விகார் நிலையங்களில் தூய்மை பெற்று நம் சமையலறைக் குழாய்க்கு வந்து சேர்கிறது என்பதை அந்தச் சில நாள்களில்தான் நாம் நினைத்துப் பார்க்கிறோம். காவிரி நீரும் பொருநை நீரும் குடித்து வளர்ந்த நம்மைக் கங்கை நீர் வளர்க்கத் தொடங்கியது நேற்று. அந்நீரைக் கால்வாயாக்கிக் கொணர்ந்தவர்களின் கதையோ நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அக்கதையின் நடுவே நிற்பது ரூர்க்கிப் பொறியியல் கல்லூரி.

ரூர்க்கி என்றவுடன் நம் சங்கத்தில் ஒரு வழக்கு எழுவதுண்டு. 'இந்தியாவின் முதற் பொறியியல் கல்லூரி ரூர்க்கியே' என்பார் ஒருவர். 'கிண்டியை மறந்தீரோ?' என்று மற்றொருவர் சீறி எழுவார். இவ்வழக்கைத் தீர்த்து வைத்துவிட்டு மேலே செல்வது நலம். சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் முன்னின்று நில அளவைப் பள்ளி தொடங்கியது 1794-இல். எட்டு மாணாக்கரோடு தோன்றிய அப்பள்ளியே வளர்ந்து கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே வயதில் மூத்தது கிண்டிதான், அதில் ஐயமில்லை. ஆயின் கட்டுமானப் பொறியியலைக் கற்பிப்பதற்கென்றே கல்லூரி என்னும் பெயரோடு தோன்றியது ரூர்க்கி; ஆண்டு 1847. வேரின் வயதைக் கேட்டால் கிண்டி, கிளையின் வயதைக் கேட்டால் ரூர்க்கி. இருவரும் வென்றதாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டின் பிறப்பிற்கும் காரணம் வேறு வேறு என்பதே நாம் கருத வேண்டிய செய்தி. நிலத்தை அளந்தால்தான் வரி தண்ட முடியும். அதற்கு அளவையாளர் வேண்டும். ஆகவே சென்னைப் பள்ளி பிறந்தது. ரூர்க்கிக் கல்லூரியோ பஞ்சத்தின் பிள்ளை. 1837-38-ஆம் ஆண்டுகளில் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலம் மழையின்றிக் கருகியது. ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்கள் மாண்டனர் என்று கணக்கிடுவர். இருபுறமும் பேராறுகள் ஓட, நடுவே மக்கள் நீரின்றிச் சோறின்றி மடிந்த கொடுமை அது. கும்பினியாரின் நெஞ்சு இளகியதோ இல்லையோ, வரி வருவாய் குறைந்தது அவர்களை உலுக்கியது. கால்வாய்த் திட்டம் மேசைக்கு வந்தது.

அத்திட்டத்தைத் தோளில் சுமந்தவர் புரோபி காட்லி. இவர் பொறியியலைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். வங்காளப் பீரங்கிப் படையின் அலுவலர். யமுனையின் கிழக்குக் கால்வாயில் பணிபுரிந்து, மண்ணையும் நீரையும் பார்த்துப் பார்த்தே தேர்ந்தவர். ஓய்ந்த வேளையில் சிவாலிக் குன்றுகளில் புதைந்து கிடந்த பண்டை விலங்குகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, ஃபால்கனர் என்னும் நண்பரோடு சேர்ந்து 1837-இல் இலண்டன் நிலவியற் கழகத்தின் வொலாஸ்டன் பதக்கம் பெற்றார் என்றால் அவருடைய ஆர்வத்தை என்னென்பது! 1842-இல் கால்வாய் வெட்டத் தொடங்கினர். அரித்துவாரத்தில் கங்கையைக் கட்டிப்போடுவதா என்று அங்கிருந்த புரோகிதர்கள் எதிர்த்தனர். அணையில் ஓர் இடைவெளி விட்டு அதன் வழியே கங்கை தடையின்றி ஓட விடுவதாகவும், நீராடு துறைகளைச் செப்பனிட்டுத் தருவதாகவும் காட்லி உடன்பட்டார். பிள்ளையாருக்குப் பூசை செய்த பின்னரே பணி தொடங்கிற்று என்பர். அரசு அலுவலில் இத்தகைய இணக்கம் இல்லாமல் எக்காரியமும் நகராது என்பதைக் கோப்புகளோடு காலம் கழிக்கும் நாம் நன்கறிவோம்.

அரித்துவாரத்திற்கும் ரூர்க்கிக்கும் இடையே உள்ள தொலைவு இருபது மைல் இருக்கும். அவ்விருபது மைலுக்குள் நான்கு மலையோடைகள் கால்வாயின் குறுக்கே பாய்கின்றன. கோடையில் மணற்படுகையாகக் கிடந்து, மழைக்காலத்தில் யானையையும் உருட்டிச் செல்லும் ஓடைகள் அவை. இராணிப்பூர், பத்ரி ஆகிய இரண்டு ஓடைகளையும் (பத்ரிநாத் வேறு, இது வேறு) கால்வாயின் மேலே பாலம்போல் கட்டிய அகன்ற வழியில் ஓட விட்டனர். ஓடை மேலே செல்லும், கால்வாய் கீழே செல்லும். ரத்மௌ ஓடையைத் தனௌரி என்னுமிடத்தில் கால்வாயோடு ஒரே மட்டத்தில் கலக்க விட்டு, மதகுகளால் வெள்ளத்தை மறுகரையில் வெளியேற்றினர். நான்காவதாகிய சோலானி அகன்றது, தாழ்ந்தது. அதன்மேல் கால்வாயையே தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. ஐம்பதடி அகலமுள்ள பதினைந்து வளைவுகள் தாங்க, ஆற்றின் மேல் ஓர் ஆறு ஓடுவதுபோல் அமைந்த அந்த நீர்ப்பாலத்தை ரூர்க்கிக்குச் செல்வோர் இன்றும் காணலாம். அதன் முனைகளில் காவல் இருக்கும் பெருஞ்சிங்கங்களை நம் குழந்தைகள் பெரிதும் விரும்புவர்.

நீர்ப்பாலத்தின் இருபுறமும் கால்வாயை உயர்த்திப் பிடிக்க இரண்டு மைலுக்கு மேல் மண்கரை எழுப்ப வேண்டியிருந்தது. அம்மண்ணைச் சுமக்க இருப்புப் பாதை இட்டு, 1851 திசம்பரில் நீராவி எஞ்சின் ஒன்றையும் ஓட்டினர். பம்பாய்-தாணா வண்டிக்கு முந்தியது இது என்று ரூர்க்கியார் பெருமை கொள்வர். இங்கும் நம் சென்னை நண்பர் விடமாட்டார். செங்குன்றத்திலிருந்து கல் சுமந்துவர 1837-லேயே இருப்புப் பாதை இட்டாயிற்றே என்பார். உண்மைதான். முதலிடத்துக்கான வழக்குகளுக்கு முடிவே இல்லை.

இத்துணைப் பெரிய வேலைக்கு மேற்பார்வையாளர், அளவையாளர், படம் வரைவோர் எங்கிருந்து கிடைப்பர்? கப்பலில் வருவோரின் எண்ணிக்கை போதவில்லை. சகாரன்பூரில் கால்வாய்ப் பணியிலிருந்த பெயர்டு ஸ்மித் என்னும் இளம் அலுவலர் 1845-இல் இந்திய இளைஞர் சிலரைச் சேர்த்துத் தொழில் கற்பிக்கலானார். அச்சிறு விதையைக் கண்டு, அதனை ஒரு கல்லூரியாக வளர்க்கலாமென்று 1847-இல் திட்டம் தீட்டியவர் வடமேற்கு மாகாணங்களின் துணை ஆளுநர் ஜேம்ஸ் தாமசன். முதல் முதல்வராக வங்காளப் பொறியாளர் படையின் இராபர்ட் மக்ளகன் அமர்த்தப்பட்டார். 1848 தொடக்கத்தில் வகுப்புகள் நடைபெறத் தொடங்கின. கட்டடம் இல்லை, கூடாரங்களே பள்ளி. கூடாரத்திற்கு வெளியே வெட்டப்படும் கால்வாயே ஆய்வுக்கூடம். காலையில் கரும்பலகையில் கண்ட வளைவை மாலையில் செங்கல்லாகக் காணும் பேறு அம்மாணாக்கருக்கு வாய்த்தது.

தாமசனைப் பற்றி ஒரு சொல். அவர் தம் கால்வாயில் நீர் ஓடியதைக் காணவில்லை. 1853 செப்டம்பர் 27-ஆம் நாள் பரேலியில் உயிர் நீத்தார். அதே நாளில் இலண்டனில் அரசியார் அவரைச் சென்னை மாகாண ஆளுநராக அமர்த்தி ஒப்பமிட்டார். செய்தி கடல் கடந்து வந்தபோது பெறுவதற்கு ஆளில்லை. 1854 ஏப்ரல் 8-ஆம் நாள் கால்வாய் திறக்கப்பட்டது. தலைக்கால்வாய் மட்டும் 348 மைல். அவ்வாண்டே கல்லூரி தாமசன் கல்லூரி என்று பெயர் பெற்றது.

கல்லூரியில் மூன்று பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவு பொறியாளர்க்கு உரியது. ஐரோப்பியரும் இந்தியரும் சேரலாம் என்பது விதி. சேர்ந்தோரில் மிகப் பலர் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் என்பது நடைமுறை. இரண்டாவது, படையிலிருந்த ஐரோப்பியரை மேற்பார்வையாளராக்குவது. மூன்றாவதே இந்திய இளைஞர்க்கு. அதில் நில அளவை, மட்டம் பார்த்தல், படம் வரைதல் ஆகியவை உருது மொழியில் கற்பிக்கப்பட்டன. கல்லூரி தன் அச்சகத்திலேயே உருதுப் பாடநூல்களை அச்சிட்டு வழங்கிற்று.

இச்செய்தியைப் படித்தபோது நாம் சற்றே நின்றுவிட்டோம். மேற்பதவிக்கு ஆங்கிலம், கீழ்ப்பதவிக்குத் தாய்மொழி என்று வகுத்த அந்த ஏற்பாட்டை நாம் போற்ற இயலாது. ஆயினும் மட்டப் பலகையையும் முக்கோணக் கணக்கையும் இந்நாட்டு மொழியொன்றில் சொல்ல முடியும் என்று 1848-லேயே செய்து காட்டினார்களே! தமிழில் பொறியியல் கற்பிக்கலாமா என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் பட்டிமண்டபம் நடத்தி, 2010-இல்தான் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கினோம். முடியாது என்பாருக்கு ரூர்க்கியின் மூன்றாம் பிரிவைக் காட்டலாம். கீழ்ப்பதவிக்கு மட்டும் போதும் என்பாருக்கும் அதனையே காட்டி, அவ்வேற்பாட்டால் யார் மேலேறினர், யார் ஏறவில்லை என்று கேட்கலாம்.

அவ்வுருது வகுப்புகளோடு தொடர்புடைய ஒரு பெயரைத் தில்லிவாழ் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும். அவர் ஆசிரியர் இராமச்சந்திரர். பழைய தில்லிக் கல்லூரியில் கணிதத்தையும் அறிவியலையும் உருதுவில் கற்பித்தவர். பெருமம், சிறுமம் காணும் கணக்குகளை நுண்கணிதம் இன்றி இயற்கணிதத்தால் தீர்க்கும் ஒரு நூலை 1850-இல் கல்கத்தாவில் தம் செலவில் வெளியிட்டார். அந்நூலின் அருமையை உணர்ந்து 1859-இல் இலண்டனில் மறுபடியும் அச்சிடச் செய்தவர் டி மார்கன் என்னும் பெருங்கணித அறிஞர். அவர் பிறந்த ஊர் நம் மதுரை என்பது பலர் அறியாத செய்தி. 1857 கலகத்தில் தில்லியிலிருந்து உயிர் தப்பிய இராமச்சந்திரர், 1858 தொடக்கத்தில் ரூர்க்கிக் கல்லூரியில் இந்தியத் தலைமையாசிரியராகச் சில திங்கள் பணியாற்றினார். அவ்வாண்டே தில்லியில் புதிதாகத் தோன்றிய பள்ளிக்குத் தலைமையாசிரியராகத் திரும்பினார்.

இனி கால்வாயின் குறை. நீர் ஓடத் தொடங்கிய பின்னர்தான் சரிவு மிகுதி என்பது தெரிந்தது. நீர் விரைந்தோடிப் படுகையை அரித்தது. இங்கேதான் காவிரி கங்கையோடு வாதிட வந்தது. வந்தவர் ஆர்தர் காட்டன். கரிகாலன் கல்லணை மணலின் மேல் எவ்வாறு அசையாது நிற்கிறது என்பதைக் கண்டு கற்று, 1836-இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டியவர். பின்னர்க் கோதாவரியைக் கட்டியவர். மலையடியில் கூழாங்கல் உருளும் இடத்தில் கால்வாயின் தலையை வைத்தது தவறு, ஆறு சமவெளிக்கு இறங்கிய பின் அணை கட்டி நீரெடுத்திருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். காட்லி மறுத்தெழுதினார். 1860-களில் துண்டு நூல்கள் பறந்தன; இரு பெரியார்களும் சொற்போரில் இறங்கியது வருந்தத்தக்கதே. யார் வென்றார்? அரித்துவாரத் தலைப்பு இன்றளவும் பயன்படுகிறது. ஆகவே காட்லி தோற்கவில்லை. சரிவைக் குறைக்கக் கால்வாயைத் திருத்த வேண்டியதாயிற்று. 1878-இல் கீழ்க் கங்கைக் கால்வாயை நரோராவில், சமவெளியில், அணை கட்டியே எடுத்தனர். ஆகவே காட்டன் பக்கமும் நியாயம் இருந்தது.

அந்தக் குறையிலிருந்து கல்லூரி கற்றதே நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஓடும் நீரின் வேகத்தைக் கணக்கிட அந்நாளில் கையாண்ட வாய்பாடுகள் ஐரோப்பாவில் சிறு வாய்க்கால்களில் கண்டவை. பெருங்கால்வாய்க்கு அவை பொருந்துமா என்பதை எவரும் சோதித்ததில்லை. கல்லூரியில் கணிதம் கற்பித்த ஆலன் கன்னிங்காம் அப்பணியை மேற்கொண்டார். 1874 முதல் 1879 வரை, சோலானி நீர்ப்பாலத்தையும் அதனருகே உள்ள கால்வாய்ப் பகுதிகளையும் களமாகக் கொண்டு, மிதவைகளை விட்டு, ஆழந்தோறும் அகலந்தோறும் நீரின் வேகத்தை அளந்தார். 'ரூர்க்கி நீரியல் சோதனைகள்' என்ற பெயரில் அவை நூலாகி உலகெங்கும் பொறியாளர் கைக்குச் சென்றன. இதே கன்னிங்காம்தான் ஓய்வுபெற்ற பின் எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டுக் கணித உலகில் தம் பெயரை நிறுத்தினார்.

பாடநூல்களிலும் கல்லூரி பிறரை எதிர்பார்த்திருக்கவில்லை. மெட்லி என்னும் முதல்வர் காலத்தில் 1860-களில் வெளிவந்த ரூர்க்கிக் கட்டடப் பொறியியல் நூலும், இந்தியப் பொறியியல் பற்றிய தொழிற் கட்டுரைத் தொகுதிகளும் பல தலைமுறைப் பொதுப்பணித் துறையினர்க்குக் கைவிளக்காயின. இங்கிலாந்தின் சுண்ணாம்பும் மரமும் இங்கில்லை. இங்குள்ள செங்கல்லையும் சுருக்கியையும் கொண்டு எவ்வாறு கட்டுவது என்பதை அவை கூறின. அவற்றுள் பலவும் கொத்தர்களிடமும் சூளைக்காரர்களிடமும் கேட்டறிந்தவையே. சொன்னவர்களின் பெயர் நூல்களில் இல்லை.

1872-இல் இங்கிலாந்தில் கூப்பர்சு இல் என்னுமிடத்தில் இந்தியப் பணிக்கென்றே ஒரு பொறியியல் கல்லூரி திறக்கப்பட்டது. உயர் பதவிகளில் பெரும்பகுதி அங்குப் பயின்றோர்க்குச் சென்றது. ஒரே கால்வாயில், ஒரே வெயிலில், ஒரே மட்டக் கருவியை வைத்து நின்ற இருவருள் ஒருவர்க்கு ஏகாதிபத்தியப் பணி, மற்றவர்க்கு மாகாணப் பணி. சம்பளமும் வேறு, முன்னேற்றமும் வேறு. 1906-இல் கூப்பர்சு இல் மூடப்பட்டது. பணிப் பிரிவுகளின் ஏற்றத்தாழ்வு உடனே மூடப்பட்டுவிடவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் தம் பெயருக்கு மேலே எவர் பெயர் ஏன் ஏறியது என்று அறியாமல் ஓய்வு பெறும் இந்நாளைய ஊழியர்க்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது.

அத்தகைய காலத்தில் அங்குப் பயின்றவர்தான் கங்காராம். கரோல்பாக்கிலும் இராஜேந்திர நகரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் கங்காராம் மருத்துவமனைக்குச் செல்லாத குடும்பம் அரிது. அம்மருத்துவமனையின் பெயருக்குரியவர் மருத்துவர் என்றே நாம் பல்லாண்டு எண்ணியிருந்தோம்! பஞ்சாபில் 1851-இல் பிறந்து, 1871-இல் தாமசன் கல்லூரியில் சேர்ந்து, 1873-இல் தங்கப் பதக்கத்துடன் வெளிவந்த பொறியாளர் அவர். இலாகூரின் அழகிய பொதுக் கட்டடங்கள் பல அவர் கைவண்ணம். ஓய்வுக்குப் பின் மாண்ட்கோமரி மாவட்டத்தில் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கால்வாய் நீரை மேட்டுக்கு ஏற்றிப் பாய்ச்சிப் பொன் விளைவித்தார். ஈட்டியதை விதவைகளின் மறுவாழ்வுக்கும் மருத்துவத்திற்கும் கொடுத்தார். இலாகூரில் 1921-இல் அவர் தோற்றுவித்த மருத்துவமனை நாட்டுப் பிரிவினையால் எல்லைக்கு அப்பால் நின்றுவிட, அவர் பெயரால் 1954-இல் தில்லியில் மற்றொன்று எழுந்தது. ஊரை இழந்து வந்தவர்கள் பெயரை இழக்காமல் கொண்டுவந்தனர்.

மற்றொரு மாணவர் அயோத்தியாநாத் கோசுலா. மேல் சீனாப் கால்வாயின் கட்டுமானங்கள் அன்றைய விதிகளின்படி நிலையாக நிற்க வேண்டியவை, ஆயினும் பழுதுற்றன. நீர் கட்டடத்தின் அடியிலே மணலுக்குள் எவ்வாறு ஊர்ந்து செல்கிறது, எங்கே மேல்நோக்கித் தள்ளுகிறது என்பதைக் குழாய்களைப் பதித்து அளந்து, பழைய விதி பிழையென்று காட்டினார். 1936-இல் துணைவர் இருவரோடு அவர் வெளியிட்ட நூலின் கொள்கை இன்றும் நம் பிள்ளைகள் பாடத்தில் 'கோசுலா கொள்கை' என்று வழங்குகிறது. கல்லணையைக் கட்டியவர்கள் கையால் அறிந்திருந்ததைக் கணக்கால் சொன்னவர் இவர் என்று கூறினால் மிகையாகாது.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1897-லேயே மின் பொறியியலுக்கு இடம் தந்திருந்த கல்லூரி, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக்கழகமாகியது. 1949 நவம்பரில் நேரு பட்டயம் வழங்கினார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொறியியல் பல்கலைக்கழகம் அதுவே. கோசுலாவே துணைவேந்தராக வந்து, ஆசிய ஆப்பிரிக்க நாட்டுப் பொறியாளர்க்கென நீர்வளப் பயிற்சி நிலையத்தை 1955-இல் நிறுவினார். இமயத்தின் அடியில் இருந்துகொண்டு நில நடுக்கத்தை மறக்கலாகாது என்று ஜெய்கிருஷ்ணர் 1960-இல் நிலநடுக்கப் பொறியியலுக்குத் தனிப்பள்ளி கண்டார். ரூர்க்கியின் தனி நுழைவுத் தேர்வுக்காக இரவெல்லாம் விளக்கெரித்த வீடுகள் நம்மிடையே உண்டு. 2001 செப்டம்பர் 21 முதல் அது இந்தியத் தொழில்நுட்பக் கழகம்.

பெயர்டு ஸ்மித்தை நாம் சகாரன்பூரில் விட்டுவிட்டு வந்தோம். அவர் முதலில் சேர்ந்தது சென்னைப் பொறியாளர் படையில். 1839-இல்தான் வங்காளப் படைக்கு மாற்றப்பட்டார். இத்தாலியின் பாசனத்தை ஆராய்ந்து நூலெழுதினார். பின் நம் பக்கம் வந்து காவிரி, கிருட்டிணை, கோதாவரி அணைகளைப் பார்த்து 1856-இல் மற்றொரு நூல் எழுதினார். கங்கைக்குக் கால்வாய் வெட்டியோர் காவிரியிடம் பாடம் கேட்டதற்கு அந்நூல் சான்று. 1857-இல் ரூர்க்கியைக் காத்து நின்று, அங்கிருந்து தில்லி முற்றுகைக்குத் தலைமைப் பொறியாளராகச் சென்றார். தில்லி மக்களின் நினைவில் அது எவ்வாறு பதிந்தது என்பது வேறு கதை. 1860-61-இல் அதே நிலத்தில் மீண்டும் பஞ்சம் வந்தபோது, எத்தனை பேர் மாண்டனர், கால்வாய் எங்கெங்கே காத்தது, எங்கே காக்கவில்லை என்று ஊர் ஊராக ஆராய்ந்து அறிக்கை தருமாறு அரசு பணித்தது அவரைத்தான். அறிக்கையை முடித்த கையோடு நோயுற்று, தாயகம் செல்லக் கப்பலேறினார். 1861 திசம்பர் 13-ஆம் நாள் கப்பல் சென்னையை அடையுமுன் உயிர் பிரிந்தது. உடலைச் சென்னையில் இறக்கிப் படை மரியாதையோடு அங்கேயே அடக்கம் செய்தனர்.

சென்ற ஆண்டு தசராவுக்குப் பின் அரித்துவாரம் செல்லும் வழியில் ரூர்க்கியில் இறங்கினோம். கால்வாய் மூடியிருந்தது. நீர்ப்பாலத்தின் மேல் சேறும் சிறு குட்டைகளுமே இருந்தன. சிறுவர் சிலர் அக்குட்டைகளில் மீன் தேடிக்கொண்டிருந்தனர். செங்கற் சுவரில் நீர் நின்ற அளவு பாசிக் கோடாகத் தெரிந்தது. வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லையாம்.